காட்டன் சூட்டில் பாறைமீன்

அநியாயம் நடந்தது என் ரூம்மேட் பிலோமினாவுக்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விடுதியில் யாரைக் கேட்டாலும் அநியாயம் நடந்தது பாலுக்கு என்றுதான் சொல்வார்கள். போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, மெஸ்ஸில் எல்லாரும் தட்டோடு உட்கார்ந்திருந்தபோது, மெஸ் செகரட்டரி சுகந்தி அக்கா பொது ஃப்ரிட்ஜிலிருந்து பிலோமினாவின் தூக்குவாளியை எடுத்துவந்து நடுமேஜையில் வைத்து, அதன் வாயை மூடியிருந்த சில்வர் ஃபாயிலை இரண்டு விரல் நுனியால் கிள்ளித் தூக்கி, "உள்ள என்ன செத்துக் கிடக்கு?" என்று கேட்டாள். (அவளுக்குக் கொடுத்துவந்த மரியாதையை அன்றைக்கே திரும்ப எடுத்துக்கொண்டேன். பெயரோடு ஒட்டிய அக்கா மட்டும் இன்னும் போகவில்லை.) கூடம் சிரித்தது. பிலோமினா எழுந்து நின்றாள், வாயைத் திறக்கவில்லை. அவள் அம்மா வைத்துக் கொடுத்தனுப்பிய சூடைமீன் குழம்பு அவள் கண்ணெதிரிலேயே எச்சில் வாளிக்குள் போனது. காலித் தூக்குவாளி அவள் கைக்கு வந்தது, இனி பொது ஃப்ரிட்ஜைத் தொடக்கூடாது என்ற தீர்ப்போடு சேர்த்து. குற்றம் என்னவென்றால், பக்கத்தில் இருந்த பாலில் மீன் வாடை ஏறிவிட்டதாம், விடுதிக்கே காலைக் காப்பி இல்லாமல் போய்விட்டதாம். அந்தப் பால் குண்டானுக்கு மூடியே கிடையாது. நான் அதைச் சொன்னேன். எழுந்து நின்று சொன்னேன். புதன்கிழமை கோழி வேகும்போது மூன்றாவது மாடி வரைக்கும் மணக்கிறதே, அப்போது யார் மூக்கைப் பொத்தினீர்கள் என்றும் கேட்டேன். "மங்கை, இது பேச்சுப் போட்டி இல்ல, உட்காரு" என்றாள் சுகந்தி அக்கா. மறுபடி சிரிப்பு. அன்றிலிருந்து பிலோமினாவுக்கு வராந்தாவில் ஒரு பெயர். ஃப்ரிட்ஜ். ஃப்ரிட்ஜ் குளிச்சிட்டு வருது பாரு, ஃப்ரிட்ஜுக்கு லெட்டர் வந்திருக்கு. அன்றிலிருந்து அவள் மெஸ்ஸில் சாப்பிடுவதுமில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போவாள், கொஞ்ச நேரத்தில் தட்டைக் கழுவிக்கொண்டு வருவாள். "தொண்டைல எறங்க மாட்டேங்குது ட்டீ." இப்போது ஜன்னலடியில் அவள் பை, ஜிப் மூடி நிற்கிறது. நாளைக் காலை பஸ். வீட்டுக்குப் போய் யோசிக்கிறாளாம். யோசிக்கப் போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

இன்றைக்கு ஞாயிறு சாயங்காலம். ஞாயிறு இரவு மெஸ் கிடையாது, அதனால் பெண்கள் கூட்டங்கூட்டமாக வெளியே சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள், வராந்தாக் கொடியில் ஈரத்துணி மட்டும் சொட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. தரையில் இரண்டு செங்கல், அவற்றுக்கு நடுவில் தலைகீழாகக் கவிழ்த்து நிறுத்திய அயர்ன் பாக்ஸ், வழக்கமாகத் துணியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதன் வழவழப்பான வயிறு இப்போது கூரையைப் பார்க்கிறது, வயிற்றின்மேல் ஒரு ஃபாயில் பொட்டலம். உள்ளே இரண்டு துண்டு பாறைமீன். காலையில் மார்க்கெட்டுக்குப் போய் பிலோமினாவே செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கினாள். "போறதுக்கு முன்னாடி இந்த ரூம்ல ஒரு மீன் தின்னுட்டுத்தான் போவேன்" என்றாள், அவ்வளவு நாளில் அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். டயலைக் காட்டனில் வைத்திருக்கிறாள். முட்டைக்கு சில்க், ரொட்டிக்கு உல்லன், மீனுக்குக் காட்டன். இந்த விடுதியில் இதை யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் எல்லா அறைக்கும் தெரியும். சிவப்பு விளக்கு எரிகிறது. டிக் என்று அணைகிறது. அணையும்போதெல்லாம் நான் கூரை விளக்கை அண்ணாந்து பார்க்கிறேன், மின்சாரம் போய்விட்டதோ, ஃப்யூஸ் போய்விட்டதோ, வார்டன் மெயின் போர்டுக்கு நடந்துபோகிறாளோ என்று. மறுபடி டிக். எரிகிறது. நான் கதவுக்கும் பொட்டலத்துக்கும் நடுவில் கட்டிலில் உட்கார்ந்து காவல் காக்கிறேன். காதால் இல்லை, மூக்கால். மூச்சை இழுத்து இழுத்துப் பார்க்கிறேன். கொடித்துணியின் சோப்பு, என் தேங்காயெண்ணெய், சூடேறிய இரும்பின் ஒருமாதிரி நெடி. மீன் இல்லை. இன்னும் ஆழமாக இழுக்கிறேன். மீன் இல்லை. இரண்டு விரலால் கிழித்துவிடக்கூடிய ஒரு தாள், கதவும் தாழ்ப்பாளும் செய்ய முடியாத வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

பொட்டலம் கட்டும்போதே நான் சண்டைக்கு இழுத்தேன், வேறெப்படி அவளைப் பேச வைப்பது. பளபளக்கிற பக்கம் உள்ளே இருக்கவேண்டும், சூட்டை உள்ளுக்குள்ளேயே திருப்பி அனுப்பும், இது என் கட்சி. எங்கள் பெரியம்மா அப்படித்தான் சொல்வார்கள், யூடியூபில் ஒருவர் அப்படித்தான் சொன்னார், தர்க்கமும் அப்படித்தான் சொல்கிறது. பிலோமினா மீனுக்கு மஞ்சளும் மிளகாயும் புளிக்கரைசலும் தடவிக்கொண்டே, "எந்தப் பக்கம் வச்சாலும் ஒண்ணுதான்" என்றாள். ஒண்ணுதான் என்றால் எதற்கு இரண்டு பக்கத்தை இரண்டு விதமாகச் செய்கிறான்? "செய்யல. மிஷின்ல கடைசித் தடவ உருட்டும்போது ரெண்டு தாளைச் சேத்து வச்சு உருட்டுவாங்க, ஒத்தையா உருட்டுனா கிழிஞ்சிரும். உருளை பட்ட பக்கம் பளபளங்கும். ஒண்ணை ஒண்ணு பாத்துட்டு இருந்த பக்கம் மங்கிரும். அவ்ளோதான்." அவள் வேதியியல், நான் அரசியல் விஞ்ஞானம், எனக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனாலும் தோற்ற எரிச்சலில் சும்மா இருக்க முடியவில்லை, அப்படியானால் மங்கின பக்கம்தான் உண்மையான பக்கம், துணை இருந்த பக்கம், என்று ஏதோ சொன்னேன். "இதையெல்லாம் மேடைக்கு வச்சுக்க" என்றாள். சிரித்தாளா என்று பார்த்தேன். உதட்டில் இல்லை, கன்னத்தில் கொஞ்சம். பிறகு மடித்தாள். நான் பரிசுப் பொட்டலம் கட்டுகிற மாதிரி மடிப்பேன், சுருட்டி, திருகி, நசுக்கி. அவள் இரண்டு விளிம்பையும் மேலே கொண்டுவந்து சேர்த்து ஒரு மடிப்பு, அந்த மடிப்பின்மேல் இன்னொரு மடிப்பு, நகத்தால் ஒரு இழுப்பு. பக்கவாட்டில் அதேபோல, மூலையில் அதேபோல. நூல் இல்லை, பசை இல்லை, முடிச்சு இல்லை. கட்டாமலே கட்டிக்கொண்டு நிற்கிற இன்னொரு பொருளை எனக்குக் காட்டுங்கள். துணி நழுவும், காகிதம் விரியும், பிளாஸ்டிக் உருகும், வாழைநார் அறும். இது மட்டும், எப்படி மடித்தார்களோ அப்படியே, சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு இருக்கும். அதற்கு ஒரு மடிப்பை மறக்கத் தெரியாது. பிரித்து நீவிப் பாருங்கள், கரண்டியின் முதுகால் தேய்த்துப் பாருங்கள், கோடு இருக்கும். சாக்லேட் ஃபாயிலை அப்படித்தான் நீவுவேன், நாலாம் வகுப்பில், கட்டைவிரல் நகத்தால், நடுவிலிருந்து ஓரத்துக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூச்சை அடக்கிக்கொண்டு, கிழியாமல் கண்ணாடி மாதிரி வந்ததும் கணக்குப் புத்தகத்துக்குள் வைப்பேன். சிவப்பு, பச்சை, ஒரே ஒரு ஊதா. ஒருநாள் பல்லில் கடித்துப் பார்த்தேன், அடைத்த பல்லில் பட்டு மண்டைக்குள் ஒரு மின்னல் வெட்டியது, இப்போது நினைத்தாலும் தாடை கூசுகிறது. பள்ளி நாடகத்தில் ராஜாவுக்குக் கிரீடம் இதில்தான். அட்டையை யார் பார்த்தார்கள். டிக்.

"திருப்பணும்" என்று பிலோமினா எழுந்துவந்து வெறும் விரலால் பொட்டலத்தின் ஓரத்தைப் பிடித்துப் புரட்டிப் போட்டாள். சுடாதா என்றால், ஓரம் சுடாது, ஓரத்துக்கு ஞாபகம் கம்மி என்றாள். சூட்டைச் சொல்கிறாள். மடிப்பை மறக்காது, சூட்டை உடனே மறந்துவிடும், எனக்கு இந்தத் தாளைப் போலவே இருக்க ஆசையாக இருக்கிறது, நான் நேர் எதிர், சூடு இறங்கவே இறங்காது, மடிப்பு நிற்காது. ஒரு மாதமாக சுகந்தி அக்காவுக்குச் சொல்லவேண்டிய பதிலைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். குளிக்கும்போது ஒன்று, நூலகத்தில் ஒன்று. ஒன்றில் அரசியல் சட்டம் வருகிறது. ஒன்றில் வெறும் பால் குண்டான் மட்டும், மிகச் சுருக்கமாக, மிகக் கூர்மையாக, கூடம் அப்படியே வாயடைத்துப் போகும்படி. ஆனால் பதில் சொல்லவேண்டியது நானா? கேள்வி கேட்கப்பட்டது அவளிடம். அவள் பதில் சொல்லாத வரைக்கும் அந்தக் கேள்வி அந்த மேஜைமேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, அதைச் சுற்றித்தான் நாங்கள் எல்லாரும் இட்லி சாப்பிடுகிறோம். ஏன் சொல்லவில்லை? பயந்தவள் இல்லை. லேபில் ஆசிட் பாட்டில் உடைந்தபோது எல்லாரும் ஓட, மணலை அள்ளிக் கொட்டியவள் இவள். இவள் அப்பா வள்ளத்தில் போகிறவர். கடலுக்குள் அவர்கள் சாப்பாடு எப்படி என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள், எனக்கு அது ஒரு சினிமாபோல மனதில் ஓடுகிறது: பிடித்த மீனில் ஒன்றை அங்கேயே கழுவி, உப்பும் மிளகாயும் புளியும் தடவி, வாழையிலையில் சுற்றி, அதன்மேல் ஃபாயிலைச் சுற்றி, எஞ்சின் சைலன்சர்மேல் கம்பியால் வைத்துக் கட்டிவிடுவார்கள், வலை இழுத்து முடிக்கும்போது மீன் வெந்திருக்கும். டீசல் புகை, உப்புக் காற்று, அலை அடித்து எல்லாமே நனைந்து கிடக்கிற இடத்தில் அந்தப் பொட்டலத்துக்குள் மட்டும் ஒரு சொட்டு வெளியே போகாது, ஒரு சொட்டு உள்ளே வராது. அயர்ன் பாக்ஸில் மீன் வேகவைக்கலாம் என்று இவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அப்பாவின் சைலன்சரைத்தான் இவள் இந்தச் செங்கல்லுக்கு நடுவில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். நடுக்கடலில் கசியாத பொட்டலம் மெஸ் ஃப்ரிட்ஜில் எப்படிக் கசிந்தது? இதுதான் ஒரு மாதமாக எனக்குப் புரியாத இடமாக இருந்தது. எத்தனை முறை சுற்றிவந்தாலும் மனசு இங்கேதான் வந்து மாட்டிக்கொண்டது, ஆணியில் தாவணி மாட்டுகிற மாதிரி. அன்றைக்கு நான் அந்த ஃபாயில் மூடியை மேஜையிலிருந்து எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். முழுக்க ஓட்டை. ஊசிமுனை ஓட்டைகள், நடுப்பகுதி எங்கும், பின்னால் இருந்த வெளிச்சம் சிறு சிறு நட்சத்திரமாக வந்தது. எலி இல்லை, எலி கடித்தால் ஒரே பொத்தல். கிழிசல் இல்லை. "இந்த சில்வர் பேப்பரோட தரம் அவ்வளவுதான்" என்றாள் சுகந்தி அக்கா. அது அவள் ஃபாயிலுக்குச் செய்த அநியாயம். நான் அந்த மூடியோடு நிற்கும்போது பிலோமினா அதைப் பார்த்தாள். என்னை அல்ல, ஓட்டைகளை. பார்த்தவுடன் தலையைக் குனிந்துகொண்டாள். குழம்பைக் கொட்டும்போதுகூட அவள் குனியவில்லை.

இன்றைக்குத்தான் தெரிந்தது ஏன் என்று. பொட்டலம் கட்டுவதற்கு முன்னால் அவள் பையிலிருந்து வாழையிலை ஒன்றை எடுத்தாள், மெஸ்ஸுக்குப் பின்னால் இருக்கும் மரத்தில் கிழித்ததாம். அதைத் துடைத்து, விளக்குச் சுடரில் காட்டுகிற மாதிரி அயர்ன் பாக்ஸில் ஒரு நொடி ஒற்றி எடுத்து வாட்டி, மீனை அதில் வைத்து மூடி, அப்புறம்தான் ஃபாயில். எதுக்குடி இலை, ஃபாயில்தான் இருக்கே, மணத்துக்கா என்றேன். "மணத்துக்குந்தான்" என்றாள். இலையை மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்கிறமாதிரி சொன்னாள். புளியும் உப்பும் ஃபாயிலை நேராகத் தொடக்கூடாது. தொட்டாலும் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் புளி, உப்பு, அடியில் எவர்சில்வர் பாத்திரம், மேலே ஃபாயில், நாலும் ஒரு ராத்திரி ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஒரு பேட்டரி. ஃபாயில் தன்னைக் கரைத்துக்கொள்ளும். ஊசி ஊசியாக. "எங்க ஊர்ல பொம்பளைங்களுக்கு பேட்டரி தெரியாது, ஆனா இலை வைக்காம யாரும் மூட மாட்டாங்க. இலை வச்சு, அதுக்கு மேலதான் ஃபாயில்." அப்புறம் ஏன் அன்றைக்கு இலை இல்லை? அவள் மூலையை மடித்தாள், நகத்தை இழுத்தாள். "அம்மாதான் வைக்கல. தூக்குச்சட்டி மூடி பஸ்ல நசுங்கிரும், உருப்படியா மூடணும்னு ஃபாயில் வாங்கிட்டு வந்திருக்கா. இலையும் வெட்டி வச்சிருந்தா. அப்புறம் யோசிச்சிருக்கா. ஹாஸ்டல்ல படிச்ச பிள்ளைங்க பாப்பாங்க, இலையும் கிலையுமா இருந்தா பட்டிக்காட்டுக்காரின்னு பிலோவைச் சிரிப்பாங்கன்னு." இலையை எடுத்துவிட்டாள். வெறும் ஃபாயிலை இழுத்து இழுத்து, சுருக்கமே இல்லாமல், கடையில் செய்தமாதிரி பளபளவென்று மூடினாளாம், குழம்பு விளிம்பு வரைக்கும் தளும்ப. கொடுத்தனுப்பிய மறுநாள், அந்தத் திங்கட்கிழமை மத்தியானமே போன்: பிரிக்கும்போது பார்த்தாயா, எப்படி இருந்தது மூடி? "நீ என்ன சொன்ன?" என்றேன். "எல்லாரும் நல்லாருக்குன்னாங்கம்மா, குழம்பு பத்தலைன்னு சொன்னேன்." அப்படியானால் அன்றைக்கு அந்தக் கூடத்தில் இவள் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் அது அம்மாவின் தப்பு என்று ஆகியிருக்கும், சிரிக்கக்கூடாது என்று அம்மா எடுத்த இலையே சிரிப்புக்குக் காரணம் என்று ஆகியிருக்கும், அதுவும் அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே. நான் அரசியல் சட்டத்தை எழுதிக்கொண்டிருந்தேன். இவள் ஒரு இலையை மூடிக்கொண்டிருந்தாள்.

டிக். பொட்டலம் இப்போது உப்ப ஆரம்பித்திருக்கிறது. உள்ளே ஆவி தள்ளுகிறது, ஃபாயில் மெல்ல மெல்லத் தலையணைபோல எழும்புகிறது, சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விரிந்து க்ளிக் க்ளிக் என்று எலி பல் கடிக்கிறமாதிரி சத்தம், மடிப்பு மட்டும் விடவில்லை, அந்த இரட்டை மடிப்பு, நகத்தின் இழுப்பு, அது விடாது. விட்டால்? விட்டால் வாடை ஜன்னல் வழியாக வராந்தா, வராந்தாவிலிருந்து படிக்கட்டு, ஃப்ரிட்ஜ் இப்ப ரூமுக்குள்ளயே ஆரம்பிச்சிருச்சு, அப்புறம் வார்டன், அப்புறம் அயர்ன் பாக்ஸ் பறிமுதல், அதெல்லாம் போகட்டும், இவள் தலைகுனிந்தபடி அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவாள், அதுதான் எனக்குப் பயம், போவது அல்ல, குனிந்துகொண்டு போவது. போவதும்தான். இந்தக் கட்டில் காலியாக இருக்கும். வேறு யாரோ வருவாள், எந்தப் பக்கம் உள்ளே என்று கேட்டால் எனக்குத் தெரியாது என்பாள். வெளியே செருப்புச் சத்தம். படிக்கட்டில். வராந்தாவில். பாத்ரூம் பக்கம் போகும், திரும்பும், திரும்பவில்லை, நேராக வருகிறது, ஒவ்வொரு கதவாகக் கடந்து, இது எங்களைக் கடந்து போகும், கடந்து போகும், நின்றது. தட்டினார்கள்.

நான் பாய்ந்து ப்ளக்கைப் பிடுங்கினேன், பொட்டலத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளலாம் என்று கை நீட்டினேன். "தொடாத" என்றாள் பிலோமினா, மெதுவாக. "மடிப்பு விட்டுரும்." "மங்கை? உள்ளதான இருக்கீங்க?" சுகந்தி அக்காவின் குரல். போச்சு. மனசுக்குள் என் பதில்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நின்று ஒன்றை ஒன்று மிதித்தன, பால் குண்டான், கோழி, பிரிவு இன்ன இன்ன, எதை முதலில், ஆனால் பிலோமினா எழுந்து, நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேவிட்டாள். சுகந்தி அக்கா கையில் ஒரு கஞ்சி போட்ட காட்டன் புடவை, மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது, தலை வாரியிருக்கவில்லை. இந்த முகத்தை நான் மேஜைக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறேன், நிலைப்படியில் பார்த்ததில்லை. "பிலோ, உன் அயர்ன் பாக்ஸ் கொஞ்சம் குடேன்" என்றாள். "என்னோடது காயில் போயிருச்சு. மாடில எல்லா ரூமும் பூட்டியிருக்கு. நாளைக்குக் காலைல எனக்கு வைவா." ஃப்ரிட்ஜ் என்று சொல்லவில்லை. பிலோ என்றாள். தேவை வந்தால் பெயர் ஞாபகம் வருகிறது பார் என்று நான் மனசுக்குள் ஒரு குறிப்பு வைத்தேன், ஆனால் அந்தக் குறிப்பில் வழக்கமான ருசி இல்லை.

"வாங்கக்கா" என்றாள் பிலோமினா. வழிவிட்டாள். அவள் உள்ளே வந்தாள். வந்து, செங்கல்லைப் பார்த்தாள், கவிழ்ந்த அயர்ன் பாக்ஸைப் பார்த்தாள், அதன்மேல் உப்பி நிற்கும் வெள்ளித் தலையணையைப் பார்த்தாள். ஃபாயில் ஆறத் தொடங்கி ஒரு க்ளிக். நான் அவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் வேறெந்த மூக்கையும் நான் அவ்வளவு கவனித்ததில்லை. மூச்சை இழுத்தாள். நாசி லேசாக விரிந்தது. நின்றது. மறுபடி இழுத்தாள். மூக்கைச் சுளிக்க அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில், அன்றைக்கு அவள் கொட்டிய மீனின் உறவுக்காரன் ஒருவன் வெந்து, இலைக்குள் சாறு விட்டுக்கிடக்கிறான், அவளுக்குத் தெரியவில்லை. ஃபாயிலே, நீ நல்லா இரு. அவள் கண் ஜன்னலடிக்குப் போனது, பையைப் பார்த்தது. "நீ நாளைக்குக் கிளம்புறதா வார்டன் சொன்னாங்க" என்றாள். "எத்தன மணிக்குப் பஸ்? அதுக்குள்ள தேய்ச்சுக் கொண்டாந்துடறேன்." பிலோமினா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த அதே மௌனம், மெஸ்ஸில் நின்றது மாதிரி. இதுதான் முடிவு போலிருக்கிறது, அயர்ன் பெட்டியைக் குடுப்பாள், அவள் போவாள், காலையில் இவள் போவாள். என் வாய் தானாகத் திறந்தது. பிலோமினா என் பக்கம் திரும்பாமலே கையை லேசாகத் தாழ்த்திக் காட்டினாள், உட்கார் என்று. உட்கார்ந்தேன். உட்காரச் சொல்லி நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

சுகந்தி அக்காவுக்கும் அந்த மௌனம் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். எதையாவது கேட்கவேண்டுமே என்று கேட்டதாக இருக்கலாம். மத்தியானமும் சாப்பிட்டிருக்க மாட்டாள், வைவாவுக்கு முந்தின நாள் யார் சாப்பிட்டார்கள், அந்தப் பசியில் கேட்டதாகவும் இருக்கலாம். புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு, செங்கல்லுக்குப் பக்கத்தில் குந்தினாள், நாற்காலிக்காரி தரையில் குந்தினாள், பொட்டலத்தின்மேல் கையைக் காட்டிச் சூடு பார்த்தாள், தொடவில்லை. விரல் நுனியால் கிள்ளவில்லை. "வாசனையே வரலையே" என்றாள். "எவ்வளவு நீட்டா மடிச்சிருக்க. உள்ள என்ன பிலோ?"

பிலோமினாவும் எதிரில் குந்தினாள். நகத்தால் கட்டிய மடிப்பை அதே நகத்தால் திறந்தாள், முதலில் மேல் மடிப்பு, அப்புறம் அடி மடிப்பு. ஆவி ஒரு மூச்சாக எழுந்து மூவர் முகத்திலும் பட்டது. கறுத்துச் சுருண்ட இலை, இலைக்குள்ளிருந்து புளியும் மிளகாயும் எண்ணெயும் மீனும், ஒரு மாதமாக அடைபட்டிருந்தது எல்லாம் ஒரே நேரத்தில் அறையை நிறைத்து, திறந்தே கிடந்த கதவு வழியாக வராந்தாவுக்குப் போனது. கதவைச் சாத்த நான் எழுந்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஃபாயிலைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே ஒருமுறை பிடித்துப் பார்த்தாள். ஒரு ஓட்டை இல்லை. அதை மடிமேல் வைத்து உள்ளங்கையால் நீவிக்கொண்டே, குனியாமல், சுகந்தி அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"மீனுக்கா. பாறைமீன். அன்னைக்கு இருந்தது சூடை, எங்கம்மா வச்ச குழம்பு. இப்படிக் கேட்டிருந்தீங்கன்னா அன்னைக்கே சொல்லியிருப்பேன். இலைல ஒரு துண்டு உங்களுக்கு இருக்கு, சாப்பிட்டுட்டுப் பெட்டியை எடுத்துட்டுப் போங்க. மெதுவாவே திருப்பிக் குடுங்க. நாளைக்கு நான் எங்கயும் போகல."